துறைமுகத்துக்குப் போன மூன்று ராஜாக்கள்

புதிதாக எம்.பி.ஏ. முடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனை ஆறு மாதமாவது தனி அறையில் வைத்து, சாப்பாட்டை மட்டும் கதவு வழியாக உள்ளே தள்ளி, யாரும் பேச்சுக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மை போட்டவர்களை அப்படித்தானே வைக்கிறோம்? இதுவும் அதேபோலத் தானாக இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அந்த முன்னெச்சரிக்கை இல்லை. என்னை நடுக்கூடத்தில் உட்காரவைத்து, மட்டன் பிரியாணி போட்டு, "அப்புறம், நம்ம பிசினஸப் பத்தி நீ என்னடா நெனைக்கிற?" என்று கேட்டுவிட்டார்கள்.

கேட்டவள் என் அக்கா ரெஜினா. பாவம், தட்டில் இன்னொரு கரண்டி வைக்கும்போது ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள். நான் மூன்று வாரம் கழித்து அதற்குப் பதில் சொன்னேன், டிவியில் கம்ப்யூட்டரை இணைத்து, படம் போட்டு.

நம்ம பிசினஸ் என்பது மெழுகுவர்த்தி. பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கத்து மாதா கோயில்களுக்கு அப்பா மெழுகுவர்த்தி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறகு அக்காவும் அவள் கணவர் லூர்து மாமாவும் ஊருக்கு வெளியே பொம்மசந்திராவில் ஒரு ஷெட் எடுத்துத் தொழிலைப் பெரிதாக்கினார்கள். மாமாவுக்கு இயந்திரம், கணக்கு, கரண்ட் ஆபீஸ். அக்காவுக்குக் கை. களிமண்ணில் அவள் ஒரு உருவம் பிடித்தால் அது திரும்பி நம்மைப் பார்க்கும். அதில் அச்சு எடுத்து, வாசனை மெழுகு ஊற்றி, பொம்மை மெழுகுவர்த்திகளாக டென்மார்க் வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதாவது, எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்கு, மெழுகு சூட்டில் உருகும் என்பது பல் முளைக்கும் முன்பே தெரியும். (இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் உங்களுக்கு இந்தச் சந்தேகம் வரும்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் அக்காவையும் மாமாவையும் சோபாவில் உட்காரவைத்துத் தொடங்கினேன். தலைப்பு, 'துறைமுக நகரில் தொழில் நடத்துவதன் நன்மைகள்'. வீட்டில் இருக்கும்போதே டை கட்டியிருந்தேன்.

"நமக்கு மெழுகு எங்கேருந்து வருது?"

"கப்பல்ல," என்றார் மாமா.

"எந்த ஊருக்கு?"

"மெட்ராஸுக்கு."

"அங்கேருந்து?"

"லாரியில இங்க."

"இங்க என்ன பண்றோம்?"

"டேய், நான் என்ன கோயில்ல கேள்வி பதில் ஒப்பிக்கிற கேட்டிகிசம் வகுப்புலயா உக்காந்திருக்கேன்?" என்றார் மாமா.

விடவில்லை. கப்பலில் சென்னைக்கு வரும் மெழுகு, மலையேறி பெங்களூர் வந்து, பொம்மையாக மாறி, மறுபடி மலையிறங்கிச் சென்னைக்கே போய்க் கப்பல் ஏறுகிறது. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்துபோகும் பெண் மாதிரி. எதற்கு இந்த அலைச்சல்? துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை இருந்தால் லாரி வாடகை இல்லை. ஓசூர் ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்ததற்காக நம் சரக்கு கப்பலைத் தவறவிடாது. சுங்க வேலை பார்க்கும் ஏஜென்ட்டுகள் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் நம் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். எல்லாவற்றையும்விட, மெழுகுவர்த்தி வெயிலில் கெடாமலிருக்க பொம்மசந்திராவிலிருந்தே குளிர்ப்பெட்டி கண்டெய்னரில் அனுப்புகிறோமே, அந்தத் தண்டச் செலவு மொத்தமும் மிச்சம்.

கடைசியாகச் சொன்னதை நானே இன்னொரு முறை காதுகொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. ஆனால் நான் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அதில் ஒரு கப்பலும், பின்னால் சூரிய உதயமும் இருந்தன.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "வஞ்சிரம் அன்னிக்குப் புடிச்சது அன்னிக்கே கிடைக்குமாடா?"

"தாராளமா மாமா."

மாமா என் பக்கம் வந்துவிட்டார். அக்கா படத்திலிருந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் நுரை தள்ளும் ஏரியைத்தான் பார்க்க வேண்டும். "வேலை முடிஞ்சதும் சாயங்காலம் கடல்ல போய்க் கால நனைச்சிட்டு வரலாம் இல்ல?" என்றாள். மெழுகைப் பற்றி மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறேன்.

தொழிற்சாலையில் அவ்வளவு சுலபமாக இல்லை. மெழுகு ஊற்றும் பகுதிக்குப் பொறுப்பாக ரத்னம்மா என்று ஒருவர். அவரும் அவர் கூட வேலை செய்யும் பெண்களும் பக்கத்துச் சந்தாபுராவிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துபோகிறவர்கள். செய்தி எப்படியோ அவர்களுக்கு எட்டி, நான் உள்ளே நுழைந்ததும் சளசளவென்றிருந்த ஷெட் அமைதியானது.

"சார், ஒரு சந்தேகம். நாங்க சந்தாபுராலருந்து மெட்ராஸுக்கு டெய்லி எந்த பஸ்ஸுல வரணும்? சும்னே கேக்கறேன்."

('சும்னே' என்றால் கன்னடத்தில் சும்மா. ரத்னம்மா எதையும் சும்மா கேட்பவர் அல்ல.)

நான் 'மனிதவள மறுசீரமைப்பு' என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக முழுவதும் கேட்டார். பிறகு, "அப்போ பஸ் இல்ல," என்று மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார். அன்று மதியம் அக்கா அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஆபீஸ் அறையில் தனியாகச் சாப்பிட்டாள். வழக்கமாகத் தொட்டுக்கொள்ளும் ரத்னம்மாவின் பூண்டு ஊறுகாய் இல்லாமல்.

"எடத்த நேர்ல பாக்காம நான் ஒரு கையெழுத்தும் போட மாட்டேன்டா," என்று மட்டும் சொன்னாள்.

பார்ப்பதற்கு நல்ல சந்தர்ப்பமும் வாய்த்தது. எங்கள் டென்மார்க் வியாபாரி இங்க்ரிட் என்ற அம்மையார், தோல் பைகள் வாங்கச் சென்னைக்கு வருகிறார், ஒரே ஒரு நாள் தங்குவார் என்று தகவல். கிறிஸ்துமஸுக்கான பெரிய ஆர்டரை அவர்தான் தர வேண்டும். அதை வைத்துத்தான் எங்கள் ஆண்டே ஓடும். நான் உடனே அவருக்கு, 'பெங்களூர் வரை அலைய வேண்டாம், எங்கள் எதிர்காலத்தைச் சென்னையிலேயே பார்க்கலாம்' என்று செய்தி அனுப்பினேன். துறைமுகத்துப் பக்கத்தில் நான் பார்த்துவைத்திருந்த புதிய ஷெட்டைக் காட்டுவது, அங்கேயே மாதிரிகளை வைத்து ஆர்டர் வாங்குவது, அதே கையோடு ஷெட்டுக்கு முன்பணம் கொடுப்பது. ஒரே நாளில் எல்லாம். மாதம், மே.

மாதிரி என்றால் சாதாரண மாதிரி இல்லை. அந்த வருடம் அக்கா ஒரு முழுக் கிறிஸ்துமஸ் குடிலையே மெழுகில் செய்திருந்தாள். மாதா, குழந்தை, சூசையப்பர், இடையர், ஒட்டகம், ஆடுகள், குழந்தையை வணங்க வரும் மூன்று ராஜாக்கள். ராத்திரி சமையல் முடித்துவிட்டு உட்கார்ந்து உட்கார்ந்து செய்தது. சூசையப்பருக்கு லூர்து மாமாவின் மூக்கு. மூன்று ராஜாக்களில் இளையவர், கிரீடத்தை லேசாகச் சாய்த்துவைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்பவர், நான். ("ஏன் அக்கா, நான் இப்படியா நிக்கறேன்?" என்று கேட்டேன். "எம்.பி.ஏ. போனதுலருந்து," என்றாள்.)

விடியும் முன்பே வேனில் கிளம்பினோம். மாமா ஓட்டினார். மூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டிருந்தோம். பொம்மைகள் அட்டைப் பெட்டிகளில், வைக்கோல் சுற்றி, வேனின் பின்பகுதியில். ஆம்பூரில் ஸ்வெட்டரைக் கழற்றினோம். ஸ்ரீபெரும்புதூரில் தோலையே கழற்றிவிடலாம்போல் இருந்தது. முன்னால் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்ததால், பின்னால் இருப்பவர்களின் நிலைமையை நாங்கள் யோசிக்கவில்லை.

வடசென்னைக்குள் நுழைந்து துறைமுகச் சாலையில் திரும்பினோம். முன்னால் கண்ணுக்கு எட்டியவரை கண்டெய்னர் லாரிகள், ஒன்றின் பின் ஒன்றாக, அசையாமல். டிரைவர்கள் லாரிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"துறைமுகத்துலருந்து கால் மணி நேரம்னு சொன்னியேடா?" என்றாள் அக்கா.

"தூரம் கால் மணி நேரம்தான் அக்கா."

என்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. மாமா ஏ.சி.யை நிறுத்தினார். ஜன்னலைத் திறந்தோம். வெளியிலிருந்து வந்தது காற்று இல்லை, யாரோ இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி ஒன்று. அதற்குள் இங்க்ரிட் அம்மையார் ஷெட்டுக்கு வந்துசேர்ந்துவிட்டதாகப் போன் வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு போன். இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஒவ்வொரு போனுக்கும் நான், "இதோ, அடுத்த திருப்பம்," என்றேன். அந்தச் சாலையில் திருப்பமே கிடையாது.

ஒருவழியாக நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஷெட்டின் சொந்தக்காரர் பாஸ்கர், அம்மையாரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இளநீர் மேல் இளநீராக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மையாரின் முகம் பழுத்த தக்காளி நிறத்துக்கு வந்திருந்தது. ஆனாலும் சிரித்தார். நல்ல மனுஷி.

ஷெட்டுக்குக் கூரை தகரம். சுவரும் தகரம். உள்ளே போனதும் என் மூக்குக்கண்ணாடிக்கே வியர்த்துவிட்டது.

மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பெட்டிகளைப் பிரித்தோம். பொம்மைகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. எடுக்கும்போது ஒட்டகத்தின் முதுகில் அக்காவின் கட்டைவிரல் பதிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கையால் 'ஒன்றுமில்லை' என்று காட்டிவிட்டு, மேஜைக்கு முதுகைக் காட்டி நின்று பேச ஆரம்பித்தேன்.

டிவியில் போட்ட அதே பேச்சுதான், இப்போது ஆங்கிலத்தில். மெழுகு கப்பலில் வருவது, மலையேறுவது, இறங்குவது. இரண்டாவது நன்மைக்கு வரும்போது இங்க்ரிட் அம்மையாரின் கண்கள் அகலமாவதைக் கவனித்தேன். என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்து வாயைத் திறந்தார். 'பிடித்துவிட்டது' என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். மாமா உள்ளங்கையை நிமிர்த்தி, மெதுவாக மடக்கி, மடக்கி ஒரு சைகை செய்தார். 'தாழ்மையாகப் பேசு' என்கிறார்போல என்று கொஞ்சம் பணிவாகக் குனிந்து பேசினேன். அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டேன்.

"ஆகவே," என்றேன், கையை விரித்து, "இந்தத் துறைமுகத்தில்தான் எங்கள் தொழில் தலைநிமிர்ந்து நிற்கும்!"

பின்னால் 'தொப்' என்று சத்தம்.

திரும்பினேன். விழுந்தது ஒட்டகத்தின் தலை. கழுத்து ஏற்கெனவே தும்பிக்கை அளவுக்கு நீண்டு, மேஜை விளிம்பைத் தாண்டித் தொங்கியிருக்கிறது. இடையர் தன் ஆட்டின் மேலேயே படுத்துவிட்டார். மூத்த ராஜாக்கள் இருவரும் இடுப்பில் மடங்கி, நெற்றி மேஜையைத் தொட, சாஷ்டாங்கமாக வணங்கிக்கொண்டிருந்தார்கள். (பக்தியில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.) இளைய ராஜாவாகிய நான் மட்டும் பின்பக்கமாக வளைந்து, கிரீடம் கண்ணை மூட, மூக்கு முகவாய்வரை இறங்கி, வானத்தைப் பார்த்து மல்லாந்துகொண்டிருந்தேன். தாழ உட்கார்ந்திருந்ததால் மாதாவும் குழந்தையும் தப்பித்திருந்தார்கள். சூசையப்பர் இன்னும் சமாளித்துக்கொண்டிருந்தார். ஷெட் முழுக்க ரோஜாவும் சந்தனமும் மணத்தன.

முதலில் பேசியவர் பாஸ்கர். "இன்னா சார் இது, ராஜாங்கல்லாம் சாஞ்சிக்கினாங்க?"

அவர் உதவும் மனம் கொண்டவர். ஓடிப்போய் ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். தகரச் சுவரோரத்துச் சூட்டையெல்லாம் அது திரட்டி மேஜைமேல் வீச, சூசையப்பரும் சாய்ந்தார். "இரு சார், ஐஸு எட்த்தாறேன்," என்று ஸ்கூட்டரில் பறந்து, மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ் கொண்டுவந்தார். அது மீன் வைத்திருந்த ஐஸ். அவசரத்தில் நாங்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை. ராஜாக்களைத் தூக்கி வரிசையாக ஐஸில் படுக்கவைத்தோம். கடைசியில் பார்த்தால், மீன்கடையில் சங்கரா மீன் அடுக்கிய மாதிரியே இருந்தது.

இங்க்ரிட் அம்மையார் எழுந்து வந்தார். ஒட்டகத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "இது கடல்நாயா?" என்று கேட்டார்.

எனக்கு அந்த நிமிடம் தகரக் கூரை இடிந்து தலையில் விழுந்தால் தேவலை என்றிருந்தது. ஆர்டர் போச்சு. அக்காவின் அத்தனை ராத்திரிகளும் மீன் ஐஸில் கிடக்கின்றன. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மெதுவாக வந்து சூசையப்பரை எடுத்தாள். மாமாவின் மூக்கு உருகி உதட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. கன்னம் இரண்டும் தொங்கிப்போயிருந்தன. அதையும், வியர்வையில் நனைந்து நின்ற மாமாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஏங்க, இப்பதான் அச்சு அசல் உங்கள மாதிரியே இருக்கு."

மாமா வாங்கிப் பார்த்தார். "ஆமாண்டி," என்றார், வருத்தத்துடன்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். மாமா சிரித்தார். என்ன விஷயம் என்று கேட்டு, நான் ஆங்கிலத்தில் விளக்கியதும் இங்க்ரிட் அம்மையார் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: முன்பு அவர் வேறொரு நாட்டில், துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒருவரிடம்தான் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு முறையும் வளைந்தே வந்து சேருமாம். அதனால்தான் வரைபடத்தில் உயரமான, குளிர்ச்சியான ஊராகத் தேடிப் பெங்களூருக்கு வந்தாராம். "உங்களிடம் நான் வந்ததே நீங்கள் கடலுக்குப் பக்கத்தில் இல்லை என்பதற்காக," என்றார். ஆர்டர் தருகிறேன், ஆனால் தயவுசெய்து இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்றார். போகும்போது அந்தக் கடல்நாயை ஞாபகார்த்தமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பாஸ்கரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இர்ம்பு சாமான் எதுனா செஞ்சீங்கன்னா வாங்க சார்," என்றார்.

திரும்பும் வழியில் அக்கா கடற்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலையில் கணுக்கால்வரை நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள்தான் பேசினாள்.

"நீ சொன்னதெல்லாம் சரிதான்டா வின்சென்ட். ஒண்ணுகூடத் தப்பு இல்ல. மெழுகுதான் ஒத்துக்கல."

கொஞ்ச நேரம் கழித்து, "பாத்தாச்சு, போலாம்," என்றாள்.

மாமாவும் வந்த காரியத்தை விடவில்லை. ஐஸ் பெட்டி இருக்கிறதே, வீணாக்குவானேன் என்று, வழியில் இரண்டு பெரிய வஞ்சிரம் வாங்கி ராஜாக்களுக்குப் பக்கத்திலேயே படுக்கவைத்துவிட்டார். பெங்களூர்வரை அவர்கள் ஒன்றாகப் பயணம் செய்தார்கள். ரோஜா, சந்தனம், வஞ்சிரம் மூன்றும் கலந்த வாசனை உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. இளைய ராஜாவை இன்றைக்கு முகர்ந்தாலும் அது இருக்கிறது.

மறுநாள் தொழிற்சாலையில் அக்கா முதல் வேலையாக ஊற்றும் பகுதிக்குப் போய், "எங்கயும் போகல," என்று அறிவித்துவிட்டு, அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரத்னம்மா வளைந்த ராஜாவை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நீங்கதானே சார்?"

"ஆமாம்மா."

"முன்ன விட நல்லா இருக்கீங்க. தலைக்கனம் எறங்கியிருக்கு."

அன்று மதியம் எனக்கும் பூண்டு ஊறுகாய் கிடைத்தது.

நான் இன்றும் பொம்மசந்திராவில்தான் இருக்கிறேன். ஏற்றுமதி முழுவதும் என் பொறுப்பு. குளிர்ப்பெட்டிச் செலவைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. துறைமுக நகரத்தின் நன்மைகள் எனக்கு இன்னமும் மனப்பாடம், யாராவது இரும்பு சாமான் செய்கிறவர்கள் கேட்டால் தாராளமாகச் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

ஆனால் வீட்டில் ஒரு வாக்கியம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. யார் என்ன புது யோசனை சொன்னாலும், மாமா எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா என்றாலும், நான் தாடி வளர்க்கலாமா என்றாலும், அக்கா நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்விதான் கேட்பாள்: "மே மாசத்துல நிக்குமா?" பதில் சொல்ல முடியாவிட்டால் யோசனை தள்ளுபடி. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட இப்போது இதைச் சொல்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

போன வருடம் அக்காவின் மகள் ஜெனி, தான் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஆல்வின் என்று பெயர். சொந்த ஊர் சென்னை. பையன் என்ன செய்கிறான் என்று விசாரித்தால், கப்பல் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலையாம். நான் என் பிரியாணித் தட்டை இன்னும் நெருக்கமாகப் பார்க்க ஆரம்பித்தேன். அவன் பாவம், நன்றாக அயர்ன் செய்த சட்டையில், சோபா நுனியில் உட்கார்ந்திருந்தான். அக்கா அவனை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"எல்லாம் சரிப்பா," என்றாள். "மே மாசத்துல நிக்குமா?"

ஜெனி தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பையன் ஒன்றும் புரியாமல் ஜெனியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மிகவும் பொறுப்பாகப் பதில் சொன்னான்:

"மே மாசம் வேணாம் ஆன்ட்டி. எங்க ஊர் வெயில் ஒரு மனுஷனையும் நிக்க விடாது. கல்யாணத்த ஜனவரில இங்கயே பெங்களூர்ல வச்சிக்கலாமே."

அக்கா எழுந்துபோய் அவன் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள்.

"டேய் வின்சென்ட்," என்றாள் என்னைப் பார்த்து, "இந்தப் பையன் என்னடா படிச்சிருக்கான்? எம்.பி.ஏ.வா இருக்காது."